கந்தையாவின் மாடியும் என் வேலியும்

பக்கத்து வீட்டுக் கந்தையாவின் மாடி வீட்டுப் பிளானுக்குக் கிராமசபை உடனே அனுமதி கொடுத்தது. சமையலுக்கு நான் கட்டவிருந்த குசினியின் பிளானோ மாரி முடிந்தும் அங்கேயே தூங்கியது. வயிறு எரிந்து, அவனுடைய சுவர் எங்கள் ஒழுங்கைப் பாதையை நெருக்குகிறது என்று ஆட்சேப மனுக் கொடுத்தேன்.

அதற்கு மட்டும் சபை பறந்து வந்தது! மறுநாளே சபையின் ஓவசியர் அளவு நாடாவோடு வந்து நின்றார். கந்தையாவின் சுவர் சரியாக இருந்தது. பிறகு என் பக்கம் அளந்தார். வருடாவருடம் வேலி அடைக்கும்போது கதியால் கம்புகளை ஒழுங்கைப் பக்கம் தள்ளித் தள்ளி நட்டவன் நான்.

"உங்கடை வேலியெல்லோ ஒழுங்கைக்குள்ளை நிக்குது. வழக்குப் போடட்டோ?" என்றார் ஓவசியர்.

"காத்துக்கு நகந்திருக்கும் ஐயா" என்று உளறினேன்.

கந்தையாதான் காப்பாற்றினான். "விடுங்கோ ஐயா, அண்ணை நாளைக்கே உள்ளுக்கு நடுவார்."

நட்டேன். இப்போதெல்லாம் மனு எழுதுமுன் என் வேலியைத்தான் முதலில் அளக்கிறேன். வயிற்றெரிச்சல் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. மாடியோடு அந்தப் பாவிக்கு நல்ல குணமும் இருக்கிறதே!