ஒரு பிள்ளை குறை

பாரிஸில், தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ஓர் அரசுப் பள்ளியின் கன்ரீனில் ஒன்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறேன். என் மகள் அங்கே சாப்பிடுவதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் அவளை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்து, மெற்றோவில் நாலு தரிப்பு தள்ளியிருக்கும் கத்தோலிக்கத் தனியார் பள்ளியில் சேர்த்தேன். காரணம் கேட்டால் மூன்று சொல்வேன்: ஒழுக்கம், மறைக்கல்வி, நல்ல சிநேகிதம். உண்மையான காரணம், ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது மற்ற அம்மாக்கள் "மகள் எங்கை படிக்கிறா?" என்று கேட்டதுதான்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். பள்ளிக்கூடமோ, பல் வைத்தியரோ, எதையும் விசாரித்துத் தேர்வதில்லை. ஒருவர் போனால் பின்னாலேயே போவோம். நானும் சும்மா இருக்கவில்லை. "அங்கை விட்டாத்தான் பிள்ளையள் உருப்படும்" என்று பூசை வாசலிலும் மீன் கடையிலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரே வருடத்தில் ஆறு பிள்ளைகள் அங்கே மாறினார்கள். எனக்கு யாரும் கொமிஷன் தரவில்லை. ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது.

அதன் விளைவை எங்கள் பள்ளித் தலைமையாசிரியை எனக்கு விளக்கியது போன வருடம் வசந்த காலத்தில். இந்த நாட்டில் அந்த மாதிரித் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் சம்பளம் கொடுப்பது அரசுதான். நகரசபையும் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. ஆகவே பிள்ளை போனால் காசும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடும். எங்களிடம் மிஞ்சுவது அதே கட்டடம், அதே வெப்பமூட்டும் செலவு, கொஞ்சம் காலிக் கதிரைகள். கதிரைகள் ஓர் அளவுக்கு மேல் காலியானால் ஒரு வகுப்பை மூடி, கடைசியாக வந்த ஆசிரியரை வேறெங்காவது அனுப்பிவிடுவார்கள்.

கடைசியாக வந்தவர் என் மகளின் பழைய ரீச்சர்.

அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். என் குடியுரிமை விண்ணப்பம் திரும்பி வந்தபோது, மத்தியானம் நான் தரை துடைத்துக்கொண்டிருந்த கன்ரீனுக்கு வந்து, வாளியைக் காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்து, என் கடிதத்தை மூன்று தரம் திருத்தித் தந்தவர். மகளை நான் எடுத்துக்கொண்டு போன நாளில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு ஒரு கதைப் புத்தகம் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"செப்டம்பர் முதல் திங்கள் காலை ஓர் அதிகாரி வந்து பிள்ளைகளை எண்ணுவார். இன்னும் நாலு பேர் சேர்ந்தால் வகுப்பு தப்பும். தமிழ்ப் பெற்றோரிடம் நீங்கள் பேசலாமே" என்றார் தலைமையாசிரியை. என் மகள் எங்கே படிக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். பண்பானவர். அதைப் பற்றிப் பேசவில்லை.

வேலை முடிந்து, எங்கள் கடைகள் இருக்கும் ரூ பெர்தொனே தெருவுக்குப் போனேன். நகைக்கடைக்காரரின் மனைவிக்கு இரட்டைப் பெண்கள். அவர்களையும் தனியார் பள்ளிக்கு அனுப்பத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். அரசுப் பள்ளியின் அருமை பெருமைகளை நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அக்கா, உங்கடை மகள் எங்கை படிக்கிறா?"

"அவ... அங்கை பழகீட்டா."

"ஓம், ஓம்" என்றார்.

ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்பதை யாழ்ப்பாணத்தார் இரண்டு ஓமில் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் நல்ல பெண். இரட்டையரைச் சேர்த்தார். பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரரும் தன் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்தார். நாலு!

வீட்டில் இதைச் சொன்னபோது மகள் தலையை நிமிர்த்தி, பிரெஞ்சில், வேண்டுமென்றால் தானும் பழைய பள்ளிக்கு வரலாம் என்றாள்.

"விசர்க் கதை கதையாதை. பதிவுக் காசு கட்டியாச்சு. நாலு பேரும் கிடைச்சிட்டினம்" என்றேன்.

திங்கட்கிழமை எட்டரைக்கு அதிகாரி வந்தார். கையில் ஒரு கோப்பு. வகுப்பு வகுப்பாக எண்ணத் தொடங்கினார். என் நாலு பேரையும் காணவில்லை. நகைக்கடை வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"எங்கை நிக்கிறியள்?"

"வீட்டிலைதான் அக்கா. ஒன்பது மணிமட்டும் ராகுகாலம். முடியத்தான் வெளிக்கிடுவம்."

"ஐயோ, ஆள் எண்ண வந்திட்டாரெல்லே!"

"முதல் நாள் அக்கா. ராகுகாலத்திலை படியேத்தேலுமே? மற்ற ரெண்டு பிள்ளையளும் எங்களோடைதான் வருகினம்."

நான் மன்னாரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டுக் கலண்டரில் புனிதர்களின் நாள் மட்டும்தான் இருக்கும். பள்ளி தொடங்கும் நேரத்தைச் சொன்ன நான், அந்த நேரம் எப்படிப்பட்டது என்று பார்க்கவில்லை.

ஓடிப்போய் அதிகாரிக்குக் கோப்பி போட்டேன். ஆசிரியர்களுக்கென்று கொண்டுவந்த மீன் ரோல்ஸில் இரண்டை வைத்தேன். முதலாவதில் மிளகாய் கடிபட்டுக் கண் கலங்கினார். தண்ணீர் கொடுத்தேன், மெதுவாக. மாதாவே, இன்னும் பத்து நிமிடம் என்று மனதுக்குள் செபித்தேன். மனிதர் இரண்டாவதையும் எடுத்தார்.

ஒன்பது ஐந்துக்கு நாலு பேரும் வந்தார்கள். புதுச் சப்பாத்து, நெற்றி நிறைய விபூதி. அதிகாரி பிந்தி வந்ததைக் குறை சொல்லாமல் எழுந்துபோய், நாலு பேரையும் எண்ணி எழுதிக்கொண்டார். நல்ல மனிதர். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

பிறகு கூட்டிப் பார்த்தார். ஒரு பிள்ளை குறைந்தது.

தலைமையாசிரியை பட்டியலில் ஒரு பெயரைக் காட்டினார். வெள்ளிக்கிழமைதான் கடிதம் வந்ததாம். அந்தச் சிறுமியைத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டார்களாம். பெயரைப் பார்த்ததும் தெரிந்தது. பூசைக்கு வரும் ஒரு பெண்ணின் மகள். ஈஸ்டருக்கு முதல், மீன் கடையில் வைத்து, அவருக்கு அந்தப் பள்ளியின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தது நான்.

அதிகாரி கோப்பை மூடினார். ரோல்ஸுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாளில் வகுப்பை மூடினார்கள். இரட்டையர் பக்கத்து வகுப்பில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரீச்சர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கன்ரீனுக்குச் சொல்லிப் போக வந்தார்.

"மகள் அங்கே நன்றாகப் படிக்கிறாளா?" என்று கேட்டார்.

"நன்றாகப் படிக்கிறாள்" என்றேன்.

அன்று நாலரைக்கு மகளைக் கூட்டிவரப் போனேன். மெற்றோ படியில் இறங்கும்போது, ரீச்சரின் வகுப்பு என்னவாயிற்று என்று கேட்டாள், வழக்கம்போல் பிரெஞ்சில்.

"மூடியாச்சு. ஒரு பிள்ளை குறைஞ்சு போச்சு."

நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை. எனக்கு வடிவாக விளங்கவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, தமிழிலேயே சொன்னாள்.

"நான் வாறன் எண்டு சொன்னனான் தானே, அம்மா."