மாரியம்மனின் ரிசர்வ் மாலுமி

நீலசந்திராவில் கடல் இல்லை. அப்பாதுரை அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதே கிடையாது. கடற்படையில் எஞ்சின் அறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், இங்கே குடியேறி, ஒக்கலிபுரத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் வாத்தியார் ஆனார். ஆனாலும் கடற்படை அவரை முழுசாக விட்டுவிடவில்லை, ரிசர்வில் வைத்திருந்தது. சண்டை என்று வந்தால் கூப்பிடுவார்கள், போகவேண்டும். அதற்காக வெள்ளைச் சீருடை, ஊதல், மாரியம்மன் கோயில் குங்குமப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்.

கல்யாணமாகி வந்த கோமளத்திடம் அவர் முதலில் காட்டியது அந்தப் பையைத்தான்.

"எப்ப வேணா கூப்புடுவாங்க. அழக் கூடாது."

பாவம், தபால்காரரைப் பார்த்தாலே அவள் கண் அந்தப் பைக்குப் போகும். ரிசர்வ் காலமே முடிந்துபோனது, ஒருத்தரும் கூப்பிடவில்லை. பை மட்டும் ஆணியைவிட்டு இறங்கவில்லை. "அவங்க கூப்புடாட்டி என்ன? அம்மா கூப்புடுவா" என்பார். அம்மா என்றால் மாரியம்மன்.

பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி. லேத் மெஷினுக்குக் குங்குமம் வைக்காமல் மாணவர்களைச் சுவிட்சில் கைவைக்க விடமாட்டார். "இது மெஷினா, கல்யாணப் பொண்ணா?" என்று நிலைய முதல்வர் கேட்டதற்கு, "ரெண்டையும் மரியாதையா நடத்தலேன்னா நமக்குத்தான் சார் சேதாரம்" என்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் கோமளம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்குவாள்.

வருஷா வருஷம் அம்மன் தேரை நடத்தியதும் அவர்தான், அதுவும் கப்பல் கணக்கில். ஒரு ஊதல் என்றால் வலம். இரண்டு என்றால் இடம். மூன்று என்றால் பின்னால். நீளமாக ஊதினால் நிற்கவேண்டும். வடம் பிடிப்பவர்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள், மறுபேச்சே கிடையாது. கோமளத்துக்குப் பாடம் வீட்டிலேயே நடந்தது. இரும்பு பீரோவை இடம் மாற்றும்போது அவர் ஊதுவார், அவள் தள்ளுவாள்.

"வாய் இருக்கே, சொன்னா ஆகாதா?"

"எஞ்சின் சத்தத்துல வாய்ப்பேச்சு கேக்காதுடி."

வீட்டில் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று கேட்க அவளுக்கு மூச்சு மிச்சமிருக்காது.

தேரை அவர்கள் வீட்டுச் சந்துக்குள் திருப்புவதுதான் கண்டம். ஒரு பக்கம் டிரான்ஸ்ஃபார்மர், மறுபக்கம் கறிக்கடைப் பலகை. ஊதி ஊதி நுழைத்து வாசலில் நிறுத்துவார். பிறகு விறைப்பாக நின்று அம்மனுக்கு ஒரு சல்யூட். அப்படியே திரும்பி, ஆரத்தித் தட்டோடு படியில் நிற்கும் கோமளத்துக்கு ஒரு சல்யூட். பையன்கள் விசிலடிப்பார்கள். "ஐயோ, மானம் போகுது" என்பாள். அடுத்த வருஷமும் புதுப்புடவை கட்டிக்கொண்டு அதே படியில் வந்து நிற்பாள்.

போன வருஷம் தேருக்குக் கொஞ்சநாள் முன்னால் நெஞ்சுவலி வந்து அவர் போய்ச்சேர்ந்தார். பையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. துக்க வீடு என்று தேரும் சந்துக்குள் வரவில்லை. இந்த வருஷம் திவசம் முடிந்த கையோடு கோமளம் கமிட்டித் தலைவர் கோவிந்தப்பாவிடம் போய் நின்றாள். தேர் வாசலுக்கு வரவேண்டும்.

"அவரு இல்லாம ஆகல்லம்மா. டிரான்ஸ்ஃபார்மர்ல முட்டினா யார் பதில் சொல்றது? இனிமே மெயின் ரோடு மட்டுந்தான்" என்றார் அவர், கன்னடம் கலந்த தமிழில்.

அந்த 'இனிமே' அவள் நெஞ்சில் குத்தியது. இந்த ஒரு வருஷத்தோடு போகிற விஷயம் இல்லை. அம்மன் அவர் வாசலுக்கு இனி வரவே மாட்டாள்.

தேரன்று தட்டை எடுக்காமல், வெறுங்கையோடு சந்து முனையில் போய் நின்றாள். தேர் அவளைத் தாண்டி மெயின் ரோட்டில் நேராகப் போனது. அந்த நேரம் பார்த்துக் குறுக்கே ஒரு ஆட்டோ புகுந்தது. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரருக்கு வந்ததே கோபம்! ஆட்டோக்காரனைப் பார்த்து மூன்று தரம் ஊதினார்.

வடம் பிடித்தவர்கள் யோசிக்கவே இல்லை. முன்வடத்தைத் தளர்த்திப் பின்வடத்தை இழுத்தார்கள். தேர் மடமடவென்று பின்னால் வந்தது. போலீஸ்காரர் பதறிப்போய் இரண்டு தரம் ஊதினார். தேர் இடதுபக்கம் ஒடித்து, சந்துக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ரோட்டை அடைத்து நின்றது.

"சார், ஊதாதீங்க சார்!" என்று அலறினான் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் சரவணன். அவனும் அப்பாதுரையின் மாணவன்தான். "நீங்க ஊதுனா நாங்க திரும்புவோம்!"

பஸ்களெல்லாம் ஹாரன் அடித்தன. கோமளம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள். ஆணியிலிருந்து பையை இறக்கி, ஊதலை உருவிக்கொண்டு, பையைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"பேடாம்மா, வேண்டாம், நீங்க எதுக்கு..." என்றார் கோவிந்தப்பா.

"ஸ்வல்ப ஓரமா நில்லுங்க. இனிமே உள்ள போறதுதான் வழி. இதைவிட அடங்காத பீரோவெல்லாம் தள்ளியிருக்கேன்."

ஊதினாள். முதல் ஊதலுக்குக் காற்றுதான் வந்தது. அடுத்தது கீச்சென்று தெருவைக் கிழித்தது. சரவணன் கட்டையைச் செருகினான், தேர் வலம் நகர்ந்தது. இரண்டு ஊதினாள், இடம். டிரான்ஸ்ஃபார்மரை உரசாமல் கலசம் தாண்டியது. கறிக்கடைப் பலகை மட்டும் கோணலாகிப்போனது, கடைக்காரரே கைதட்டினார். கோமளத்துக்குத் தலை கிறுகிறுத்தது. சந்தோஷமா, மூச்சுமுட்டலா என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசல் வந்ததும் நீளமாக ஊதினாள். தேர் நின்றது. அம்மனுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தாள். வலக்கையில் ஊதல் இருந்ததால் இடக்கையால் வைத்தாள். சந்தே விசிலடித்தது.

பிறகு, அவர் திரும்புவது போலவே, படியைப் பார்த்துத் திரும்பினாள்.

படியில் யாரும் இல்லை. அங்கே நிற்கவேண்டியவள் இங்கே நிற்கிறாள். இத்தனை வருஷமும் இந்த இடத்திலிருந்துதான் அவர் தன்னைப் பார்த்தார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது.

படியில் அந்தப் பை கிடந்தது.

"கூப்புட்டாங்க. உங்களுக்குப் பதிலா நான் போயிட்டு வந்துட்டேங்க" என்றாள்.

ஊதலை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் அந்தப் பைக்கும் ஒரு சல்யூட் வைத்தாள். மானம் போனால் போகட்டும்.