தோதகத்தி நிறம்

இன்று தச்சர் பிளைவுட் அலமாரிக்குச் சாயம் பூசியபோது எழுந்த வாடை, இடிந்து மண்ணாகிவிட்ட எங்கள் தேவனூர் வீட்டு வாசலுக்கு என்னை இழுத்துப் போயிற்று. வெள்ளைக்காரன் காலம். அக்காவின் கல்யாணத்துக்காக அப்பா, தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையில் ஒரு துணிப்பெட்டி செய்து, பலகையின் ஏடுகள் தெரியாதபடி ஓரங்களைச் சட்டம் அடித்து மூடினார். துண்டுப் பலகையில் பூசிப் பார்த்தபோது சிவப்புச் சாயம் கண்ணை அடித்தது, கறுப்புச் சாயம் மரத்தின் ரேகையையே மறைத்தது. இரண்டையும் கலந்து, திட்டுத்திட்டாகாமல் ஈரத்துணியால் இழுத்து இழுத்துத் தேய்த்ததில், பெட்டி அசல் தோதகத்தியாகவே, சர்க்கார் தவிர யாரும் வெட்டக்கூடாத ஈட்டி மரமாகவே மாறிவிட்டது.

அதுவே வினையாயிற்று. அவ்வழியே வந்த காட்டிலாகா கார்டு அப்பாவின் கையைப் பிடித்தார்.

"தோதகத்தி வெட்டுனியா? நட ஜெயிலுக்கு."

"இல்லீங்க சாமி, வெறும் சாயமுங்க," என்றார் அப்பா. கார்டு நம்பவில்லை.

அம்மா அரிவாளை எடுத்துவந்து மூடியில் ஓங்கி வெட்டினாள். பிளந்த இடத்தில் வெளுத்த பலகை ஏடு ஏடாகப் பிரிந்து நின்றது.

"நீங்களே பாத்துக்கங்க."

கார்டு தடவிப் பார்த்துவிட்டு அப்பாவின் கையை விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வேற பண்ணித் தாரேன் கண்ணு," என்றார் அப்பா. அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். அந்தப் பெட்டியோடுதான் புகுந்த வீடு போனாள். வெட்டின்மேல் சாயம் பூச யாரையும் விடவில்லை.