இன்னைக்கு வெள்ளையப் போடு

அந்தத் தெருவில் அவளை வெள்ளைக்காரி என்பார்கள். ஆள் நல்ல கறுப்பு. எதிர்வீட்டுத் தையல்காரர் வைத்த பெயர் அது. சலவைக்கு எடுத்த முதல் டாக்டர் கோட்டை அவள் கொடியில் விரித்த அன்று, அவர் நெற்றிக்கு மேல் கையைக் குடையாக வைத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் தோத்தான் போ" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை.

கணவர் ஊர்த் தண்ணீர் அலுவலகத்தில் வால்வு திறப்பவர். நீண்ட இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் திறந்துவிடுவார். "பேருதான் தண்ணிக்காரரு, ஒரு சொட்டு தொடமாட்டாரு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. இரண்டு வாஷிங் மெஷின், ஒரு ஹீட்டர், துணி ஊறவைக்க ஒரு சிமெண்ட் தொட்டி. பக்கத்து மருத்துவமனையின் கோட்டுகளும் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் வெளுத்தன. ஒற்றைக் கோட்டில் தொடங்கி முழு மருத்துவமனையையும் பிடித்தது அவள் தனி ஆளாகச் செய்த காரியம். காலையில் வாசலில் சைக்கிளை நிறுத்தாமலே "தண்ணி விட்டாச்சு" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவதுதான் அவருடைய பங்கு.

அந்தக் கோடையில் துணி மங்க ஆரம்பித்தது.

முதலில் நுரை வரவில்லை. தூளை அள்ளிப் போட்டால் திரிந்த பால் மாதிரி ஏதோ மேலே மிதந்தது. காய்ந்த துண்டுகள் அட்டைபோல் விறைத்து நின்றன. தூளை மாற்றினாள். அதையும் மாற்றினாள். கலப்படம் செய்கிறான் என்று கடைக்காரரைத் திருடன் என்றே சொல்லிவிட்டு வந்தாள். பிறகு தன் கையின் மேலேயே சந்தேகம் வந்து, நாத்தனாரைக் கூப்பிட்டுத் துவைக்கச் சொல்லிப் பார்த்தாள். அதுவும் மங்கல்தான்.

ஹீட்டர் வேலை செய்யவில்லை. மெக்கானிக் சுருளை வெளியே இழுத்தான். அதன்மேல் கெட்டியாக வெள்ளைப் பொருக்கு.

"உப்புத் தண்ணியாக்கா விடுறீங்க?"

"ஆத்துத் தண்ணி. எங்க வீட்டுக்காரர் கையால திறந்து விடுறது. எனக்குத் தெரியாதா?"

"சரிக்கா. நீங்க சொன்னா சரி."

தையல்காரர் மனைவி சீப்போடு வந்தாள். அதில் முடி சுருண்டு கிடந்தது.

"கொத்துக் கொத்தா வருது. தண்ணி மாறிப்போச்சு. உங்க வீட்டுக்காரரைக் கேளேன்."

"அது கவலையில கொட்டுறது. உங்க வீட்டுக்காரரைக் கட்டிக்கிட்டா கொட்டாம என்ன செய்யும்?"

இருவரும் சிரித்தார்கள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மருத்துவமனையில் துணிக்குப் பொறுப்பான மூத்த நர்ஸ் ஒரு கோட்டை மேசைமேல் போட்டாள்.

"இதுக்குப் பேரு வெள்ளையா? சாம்பல்ல புரட்டி எடுத்த மாதிரி இருக்கு. பெரிய டாக்டர் வெளியூர் லாண்டரிக்குக் குடுத்துடலாம்னு சொல்லிட்டாரு. நான்தான் கடைசியா ஒரு தடவை பாக்கலாம்னேன்."

"தண்ணியில குறை இல்ல சிஸ்டர். என் கைதான் எங்கயோ தப்புது. சரி பண்ணிடுறேன்."

மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தவள் இரண்டு நாள் அதைத் தொடவில்லை. தொடப் பயம்.

மூன்றாம் நாள் காலை அவர் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, கொட்டகை வரைக்கும் வந்தார்.

"இன்னைக்கு வெள்ளையப் போடு."

"ஏன் இன்னைக்கு?"

"போடேன்."

போட்டாள். பழைய அளவில்தான் தூள் போட்டாள். தொட்டியில் நுரை எழுந்தது. எழுந்து, விளிம்பு தாண்டி வழிந்து, அவள் பாதத்தின் மேல் ஏறியது. நுரையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். அதே தூள். அதே கை.

கோட்டுகள் கொடியில் ஏறின. தையல்காரர் அங்கிருந்தே நெற்றியில் கை வைத்துக் காட்டினார். அவள் பார்க்காத மாதிரி உள்ளே போனாள்.

மதியம் அவர் வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்.

"நேத்து வரைக்கும் வந்தது என்ன தண்ணி?"

அவர் சாவியைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்தது. மறுபடி சாய்த்தார்.

"ஆத்துல தண்ணி கொறஞ்சுபோச்சு. போர் தண்ணியக் கலந்து விடச் சொன்னாங்க. மோட்டார் நேத்து புகைஞ்சிடுச்சு. அதான் இன்னைக்கு வெறும் ஆத்துத் தண்ணி."

"எப்பலேர்ந்து?"

"கோடை ஆரம்பிச்சதுலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"வெளிய சொல்லக்கூடாதுன்னாங்க."

"நான் வெளியாளா?"

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உனக்காகத்தான் இன்னைக்குச் சொன்னேன்" என்றார். அதை ஒரு பெரிய உதவியாகவே அவர் நினைத்திருந்தது முகத்தில் தெரிந்தது.

"மோட்டார்?"

"நாளைக்குச் சரியாயிடும்."

மறுநாள் அவள் துணியைக் கொண்டுபோனாள். நர்ஸ் ஒரு கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே போய் இன்னொரு நர்ஸைக் கூட்டிவந்து காட்டினாள்.

"பாத்தியா, மனசு வெச்சா வருதுல்ல? இத்தனை நாளா எங்களை ஏமாத்தியிருக்க."

அவள் பார்வையைத் திருப்பினாள். மூலையில் கை கழுவும் தொட்டி. அதன் குழாய் வாயிலும் வெள்ளைப் பொருக்கு. விரலை நீட்டிக் காட்டினால் போதும். சேதி வெளியே போய்விட்டது என்று சாயங்காலத்துக்குள் கணவர் கையிலிருந்து சாவியை வாங்கிவிடுவார்கள்.

"இனிமே ஒவ்வொரு தடவையும் இப்படியே வரணும். வரும்ல?"

"வராது சிஸ்டர்."

"என்ன, கொழுப்பா?"

"இல்ல சிஸ்டர். வராது. நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

மூட்டை கட்டும் துணியை நான்காக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"வெளிய சொல்லக்கூடாதுன்னாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இப்போது அவள் கலர்த் துணி மட்டும் எடுக்கிறாள். கடைப் பையன்களின் சட்டைகள், திரைச்சீலைகள், மங்கினால் யாரும் கேட்காதவை. வாஷிங் மெஷின் ஒன்றை விற்றாகிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. தெருவில் இன்னும் வெள்ளைக்காரிதான். மோட்டார் அடிக்கடி நிற்கிறதுபோல. அப்படிப்பட்ட காலைகளில் அவர் சைக்கிளிலிருந்து இறங்கி, கொட்டகை வாசலில் நின்று, "இன்னைக்கு வெள்ளையப் போடலாம்" என்கிறார்.

வீட்டில் வெள்ளை என்று ஒன்றும் இல்லை.