உப்பு கேட்ட உடம்பு

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் ரவிக்கை தைக்கிறேன். என் கணவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எங்களுக்குக் குழந்தை இல்லை. தினமும் பார்த்துக்கொண்டே இருந்ததால், நான் கறுத்துக்கொண்டு வந்தது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

முதலில் சொன்னது வையம்பட்டியில் இருக்கும் என் நாத்தனார். பொங்கலுக்குப் போயிருந்தபோது, வெயிலில் அதிகம் அலைகிறேனா என்று கேட்டாள். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு வெயில் ஏது? மருந்துக்கடையில் ஒரு க்ரீம் வாங்கிப் பூசினேன். களைப்புதான் பெரிய தொல்லை. துணியை வெட்டி முடிப்பதற்குள் படுத்துவிடத் தோன்றும். என் ரவிக்கைகள் எனக்கே தொளதொளவென்று ஆக, பக்கவாட்டில் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன்.

உப்பின் மேல் மட்டும் அடங்காத ஆசை. நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியின் அடியில் தேங்கிய உப்புத் தண்ணீரைக் கரண்டியில் எடுத்துக் குடிப்பேன். காலையில் குமட்டலும் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா குரலைத் தாழ்த்தி, விசேஷமா என்று கேட்டார். நாற்பது வயதில் நானும் ஒரு வாரம் அப்படித்தான் நம்பினேன். பரிசோதனையில் இல்லை என்று தெரிந்ததும், கணவர் காபி போட்டுக் கொடுத்தார்.

ஆடி மாதம் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில், இறங்க எழுந்தவள் அப்படியே சரிந்துவிட்டேன். கண்டக்டரும் இரண்டு பெண்களும் என்னை ஆட்டோவில் ஏற்றி, மருத்துவ மாணவர்கள் படிக்கும் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர்கள் முகம் இன்று நினைவில்லை. ஒருத்தி என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ரத்த அழுத்தம் மிகவும் குறைந்திருந்தது, ரத்தத்தில் உப்பும் குறைவு. உப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கிட்னி போய்விட்டது என்று கணவர் முடிவே செய்துவிட்டார். ஸ்கேனில் கிட்னி நன்றாகத்தான் இருந்தது. குளுக்கோஸ் பாட்டில் போல ஒன்றை ஏற்றினார்கள், உப்புத் தண்ணீர்தான் என்றார் நர்ஸ். தெம்பு வந்தது. நிறுத்தியதும் மறுபடி தலை சுற்றியது.

மறுநாள் மாணவர்கள் கூட்டமாக வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள், கேள்விகள் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மாணவி மட்டும் திரும்பி வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நிறம் எப்பவுமே இப்படித்தானா?"

நான் பதில் சொல்வதற்குள் கணவர் செல்போனைத் தேடி, இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு உறவினர் கல்யாணத்தில் எடுத்த என் படம் ஒன்றை நீட்டினார். அவரே அதை அப்போதுதான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவர் முகம் மாறியது. அவள் என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ரேகைகள் கரியால் கோடு போட்டதுபோல் இருந்தன. கத்தரிக்கோல் பட்ட பழைய தழும்பும் கறுத்திருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தாள். ஈறெல்லாம் கருந்திட்டு.

அவள் ஓடிப்போய்ப் பெரிய டாக்டரையும் மற்ற மாணவர்களையும் அழைத்து வந்தாள். என்ன சாப்பிடப் பிடிக்கிறது என்று அவர் கேட்க, கூச்சத்தோடு ஊறுகாய்த் தண்ணீரைச் சொன்னேன். மாணவர்கள் சிரிக்கவில்லை.

"அது ஆசை இல்லம்மா. உங்க உடம்பு உயிரைக் காப்பாத்திக்கக் கேட்டிருக்கு."

கிட்னியின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் என்ற சிறு சுரப்பி எனக்கு வேலை செய்யவில்லை, அதனால்தான் உப்பு உடம்பில் தங்கவில்லை, தோலும் கறுத்தது என்று விளக்கினார். சோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவுக்குக் காத்திராமல் ஊசி போட்டார்கள். அடுத்த நாள் காலையில் பசித்தது. பல மாதங்களுக்குப் பிறகு பசி! நான்கு இட்லி சாப்பிட்டதைக் கணவர் பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் சொன்னார்.

வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அந்த மாணவியின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். "புத்தகத்துல படிச்சேன் அக்கா. ஆனா உங்களைப் பார்த்துத்தான் புரிஞ்சுது," என்றாள். இப்போதும் மாணவர்களுக்குக் காட்ட அழைத்தால் போகிறேன். தயங்கித் தயங்கிக் கேட்பவர்களிடம், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் உடனே ஊசி போட வேண்டும். நர்ஸ் என் கணவருக்குச் சாத்துக்குடியில் குத்திப் பழக்கினார். ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர் அவர்.

போன வருஷம் மருங்காபுரியில் ஒரு கிரகப்பிரவேசத்தில் அந்த வேளை வந்தது. காலையிலிருந்தே காய்ச்சல். மாத்திரையைக் கூட்டிப் போட்டும் வாந்தியில் வெளியே வந்துவிட்டது. மதியத்துக்குள் பேச்சே குழறியது. புது வீட்டின் பெயின்ட் வாசனை அடிக்கும் அறையில் என்னைப் படுக்கவைத்து, கணவர் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலந்து ஊசியில் ஏற்றினார்.

"வலிச்சா சொல்லு," என்றார்.

தொடையில் குத்தினார். வலித்தது, சொல்லவில்லை. உறவினர் காரில் மணப்பாறை ஆஸ்பத்திரிக்குப் போனோம். சரியான நேரத்தில் போட்டீர்கள் என்று டாக்டர் சொன்னதும், அவர் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். சாயங்காலம் விசேஷ வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள். அதை ஒரே இலையில் வைத்து, கட்டிலில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம்.