பைக்குள் ஒரு செவ்வரளி

இரண்டு வழி இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரே வழி என்றால் தலையெழுத்து என்று போய்விடலாம். இரண்டு என்றால் நான் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பாகப் போனால் பழி என் தலையில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதை என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்வார்கள். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை.

ஒரு வருஷமாகவே மாதத்தில் பாதி நாள் ரத்தப் போக்கு. சினைப்பையில் என்னைப் போல நீர்க்கட்டி இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்துவதால் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். கடைசியில் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையின் உள்தோலைச் சுரண்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். புற்று என்று வந்தது.

ஆரம்ப நிலைதான், உள்தோலோடு நிற்கிறது என்றார் டாக்டரம்மா. முதல் வழி, கர்ப்பப்பையை எடுத்துவிடுவது. அதுதான் பத்திரமான வழி. ஆனால் வயிற்றில் பிள்ளை என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. இரண்டாவது வழி, ஹார்மோன் மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுரண்டிப் பார்ப்பார்கள். கரைந்துவிட்டால் தாமதிக்காமல் பிள்ளைக்கு முயற்சி செய்யலாம், பெற்றபின் எப்படியும் எடுத்துவிட வேண்டும். கரையாமலும் போகலாம், அந்த இடைவெளியில் பரவவும் செய்யலாம். இதை அவர் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தேதான் சொன்னார். ஒரு வாரத்தில் முடிவு சொல்லுங்கள் என்றார்.

அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. என் கணவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார், எனக்கு நீ இருந்தால் போதும் என்றார். வில்லாபுரத்திலிருந்து அம்மா தினம் போன் செய்து, சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நியாயமான பேச்சுத்தான். ஆனால் கேட்கக் கேட்க எரிச்சலாக இருந்தது. எனக்குப் பிள்ளை வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. உயிர் போகிற நேரத்தில் ஆசையைப் பார் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

ஒன்றுமே சொல்லாதவர் அத்தை மட்டும்தான். என் மாமியார். மாமா போனபிறகு பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு வந்துவிட்டவர். காலண்டரில் தேதி கிழிக்காமல் காபி குடிக்கமாட்டார். ராகு காலம், எமகண்டம், அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் பல் பிடுங்கப் போனபோதுகூட நாள் பார்த்துத்தான் அனுப்பினார். எட்டு வருஷத்தில் பிள்ளையைப் பற்றி என்னிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் தெருவில் எந்த வீட்டில் தொட்டில் கட்டினாலும் முதலில் போய் நிற்பார். அது எனக்கு, அவர் நேராகக் கேட்பதைவிட அதிகமாக வலிக்கும்.

ஐந்தாம் நாள் அத்தை வாயைத் திறந்தார். குலசாமி கோயிலில் பூ கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். எங்கள் பக்கம் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, முடிவு எடுக்க முடியாத காரியம் என்றால் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் தனித்தனியாக இலையில் மடித்து, வெளியே தெரியாமல் கட்டி, சாமி காலடியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது, சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது.

என் கணவர் முகம் சுளித்தார். அவரைவிட அதிகமாக மறுத்திருக்க வேண்டியவள் நான்தான். நிகழ்தகவு பாடம் நடத்துகிறவள் நான். ஆனால் சரி என்றேன். அவ்வளவு களைப்பாக இருந்தது.

திருமங்கலம் தாண்டி, டி.கல்லுப்பட்டி தாண்டி, பஸ் மாறி நானும் அத்தையும் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளிக்கூட நாள், கோயிலில் பூசாரியைத் தவிர ஆள் இல்லை. மாத்திரை போதுமா என்று கேட்போம், வெள்ளை வந்தால் மாத்திரை, சிவப்பு வந்தால் ஆபரேஷன் என்று அத்தை கணக்குச் சொன்னார். பூத்தட்டை என் கையில் கொடுத்தார்.

“ஒன் வயித்துக் காரியம். நீயே கட்டிக் கொண்டா தாயி.”

கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்தேன். தட்டில் வெள்ளரளி நாலைந்து, செவ்வரளி ஒன்று, வாழையிலைத் துண்டு, நார். முதல் பொட்டலத்தில் வெள்ளையை வைத்துக் கட்டினேன். இரண்டாவதற்குச் சிவப்பைக் கையில் எடுத்தேன். எடுத்தவள் அதை என் கைப்பைக்குள் போட்டுவிட்டு, இன்னொரு வெள்ளையை வைத்துக் கட்டினேன். சுற்றுமுற்றும் பார்த்தேன். சாமி குத்தம் என்ற பயம் அல்ல, யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம். யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்காமல் செய்தேன் என்று சொன்னாலும் பொய்.

பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றதைப் பிரிப்பதற்கு முன் நான் எடுத்துப்போய்க் குழாயடிப் பக்கம் வீசிவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை தாகமாக இருக்கிறது என்று என் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். குடித்தார், பையை மூடி என் மடியில் வைத்தார். அதன்பிறகு திருமங்கலம் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சாமியை நினைத்துக்கொண்டு வருகிறார் போல என்று நினைத்தேன். சாமியே சொன்னபிறகு என் கணவரும் மறுக்கவில்லை, அம்மா மட்டும் போனில் அழுதாள்.

மாத்திரை தொடங்க அத்தை நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தார். பசி பசி என்று தின்றேன், உடம்பு ஊதியது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தினேன். வகுப்பில் ஒரு பெண் கணக்கைத் தப்பாகப் போட்டதற்குச் சாக்பீஸை வீசி எறிந்தேன். பிறகு கழிப்பறையில் போய் அழுதேன். மூன்று மாதமும் ஒவ்வொரு வயிற்று வலிக்கும், இது மாத்திரையா பரவுகிறதா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். அத்தை சரியாகச் சாப்பிடவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. விரதம் என்று சொன்னார், நம்பினேன்.

மூன்றாம் மாத முடிவு வந்த அன்று மூவரும் போயிருந்தோம். கரையவில்லை. அதோடு புது ஸ்கேனில் தசைப் பக்கம் ஓர் இடம் சந்தேகமாகத் தெரிகிறது என்றார் டாக்டரம்மா. இன்னும் மூன்று மாதம் மாத்திரையைக் கூட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு, ஆனால் இந்த ஸ்கேனை வைத்துக்கொண்டு நான் அதைச் சொல்லமாட்டேன் என்றார். “முடிவு நீங்கதாம்மா எடுக்கணும். வெளிய உக்காந்து யோசிச்சிட்டு வாங்க.”

என் கணவர் பழைய ஸ்கேன் படத்தை வாங்க லேப்புக்குப் போனார். நானும் அத்தையும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சந்தேகம்தானே, உறுதி இல்லையே, மூன்று மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று மனசு வக்காலத்து வாங்கியது. நாக்கூசாமல் கேட்டும்விட்டேன். “அத்தை, இன்னொரு தடவ பூ கட்டிப் பாப்போமா?”

அத்தை எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

“இன்னும் எத்தன செவப்பப் பைக்குள்ள ஒளிச்சு வப்ப தாயி?”

அன்றைக்குப் பஸ்ஸில் தண்ணி பாட்டிலை எடுக்கும்போது அடியில் செவ்வரளி கிடந்ததைப் பார்த்தாராம். அப்போதே புரிந்துவிட்டதாம். பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன், பக்கத்து பெஞ்சில் திரும்பிப் பார்த்தார்கள்.

“பேரப்பிள்ள ஆசதான். வேறென்ன. நீயாத் திருட்டுத்தனம் பண்ணிட்ட, சாமி மேல பழியப் போட்டாச்சு, நாம வாயத் தொறக்க வேணாம்னு இருந்துட்டேன். அன்னையிலருந்து எனக்குச் சோறு எறங்கல.”

கோபம் தலைக்கேறியது. திருடியது நான்தான். ஆனாலும் என்னைவிட அவர்மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது. “அப்ப என் உசுரு அம்புட்டுத்தானா அத்தை?”

அவர் மழுப்பவில்லை. “ஆமா. அன்னைக்கு அம்புட்டுத்தான் இருந்துச்சு. இன்னைக்கு அப்படி இல்ல.” என் பக்கம் திரும்பி, “நீ வேணும் தாயி” என்றார்.

யாராவது என் அருமை பெருமையைச் சொல்லித் தேற்றியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவர் அந்த ஆமாவைச் சொன்னதால்தான் அடுத்ததை நம்பினேன். எட்டு வருஷமாக நாங்கள் இருவரும் ஒரே ஆசையை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறோம். பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பிள்ளைக்காகத்தான் அழுதேன், பிறக்காத பிள்ளைக்கு. அத்தையும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். படத்தோடு வந்த என் கணவர் எங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

உள்ளே போனோம். “எடுத்துருங்க டாக்டர்” என்றேன். குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

டாக்டரம்மா டைரியைப் புரட்டினார். நல்ல நாளெல்லாம் நிறைந்துவிட்டது, அடுத்த வாரக் கடைசிதான் கிடைக்கும் என்றார். அத்தை அதற்கு முந்தி முடியாதா என்று கேட்டார். டாக்டரம்மா அத்தையின் நெற்றித் திருநீறைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். நாளை மறுநாள் தியேட்டர் காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அஷ்டமி, அதனால்தான் யாரும் கேட்கவில்லை என்றார்.

நான் அத்தையைப் பார்த்தேன். காலையில் அவர் கையால் கிழித்த காலண்டர். அஷ்டமி என்றைக்கு என்று டாக்டரம்மா சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டுமா?

“அன்னைக்கே வைங்கம்மா” என்றார் அத்தை.

நான் கையெழுத்துப் போட பேனா கேட்டேன்.