மூட்டைச் சுவர்

பிள்ளைகளா, இன்று காலை உங்களை இறக்கிவிட்டபோது, போடிமெட்டிலிருந்து வந்த ஜீப்பு ஒன்று ஏலக்காய் வாசத்தோடு கடந்து போனது. உங்கள் பள்ளிக்கூடத்துப் பஸ்சுகள் நிற்கிற ஷெட்டு இருக்கும் இடத்தில் முன்பு ஏலக்காய்க் குடோன் இருந்தது. டீச்சரம்மா இந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியதே அதற்குள்தான். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்க ஊர் ஒப்பாததால், நடுவில் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிச் சுவராக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் உங்கள் அத்தை, இந்தப் பக்கம் நான். இரண்டு பக்கமும் ஒரே வாசம், ஒரே வாய்ப்பாடு.

"மூட்டை போற அன்னைக்குப் புள்ளையும் படிப்ப விட்டு நின்னுரும்" என்று சொல்லித்தான் உங்கள் தாத்தா அத்தையை அனுப்பியிருந்தார். அங்கே லோடு ஏற்றுகிறவரும் அவர்தான். லாரி வந்த அன்று அவர் மூட்டைகளைத் தூக்கத் தூக்க, முதலில் அத்தையின் ரிப்பனும் பிறகு முகமும் தெரிந்தன. அத்தை கரும்பலகையைப் பார்க்காமல் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தது. முழங்கால் உயரத்துக்கு ஓர் அடுக்கு மிச்சம் இருக்கையில், தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என்ன மாமா, இடுப்பு புடிச்சிருச்சா?" என்றார் லாரிக்காரர்.

"அது ஈரமாக் கெடக்கு மாப்ளே. அடுத்த லோடுக்குப் பாப்போம். நீ வெரசா வண்டிய எடு."

தினமும் அதில் சாய்ந்து உட்கார்ந்த எனக்குத் தெரியும், அதில் ஈரமே இல்லை. அடுத்த லோடுக்கும் அது போகவில்லை. அத்தை படித்து முடித்தது. பிறகு கட்டடமும் மாடியும் வந்தன, குடோனை இடித்தார்கள்.

நீங்கள் உள்ளே போன பிறகு, ஆளில்லாத ஷெட்டில், அந்த அடுக்கு இருந்த இடத்தில், காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துத் தாண்டினேன்.